மூடுபனியில் ஒரு லொறிப் பயணம்

ஹற்றனில் ஒரு மாலை, நுவரெலியா செல்லும் பழைய இராணுவ லொறியொன்றில் எனக்கு இடங் கிடைத்தது. பின்னே உரமூடைகள், அவற்றின்மேல் தோட்டத் தொழிலாளர் நால்வர். சென்கிளேயர் அருவியைக் கடந்தோம். 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், அருவியின் பெருக்கைக் காண நேரம் பார்த்து வரவேண்டியிருக்கிறது!

லிந்துலையைத் தாண்டியதும் மூடுபனி கவிந்தது. ஏற்றத்தில் எதிர்வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது எஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் முனகலே கேட்டது, பனிவிளக்கும் மங்கிற்று. ஒருபுறம் பெரும்பள்ளம். தொழிலாளர் குதித்திறங்கிச் சில்லுகளுக்குக் கல் கொடுத்தனர்.

“பிழை என்னுடையதுதான், சேர்” என்றார் சாரதி. லொறிக்கு வேண்டியது 24 வோல்ற். 12 வோல்ற் பற்றரிகள் இரண்டு தொடராக இணைந்து அதனைத் தருகின்றன. பனிவிளக்கையும் வானொலியையும் அவர் ஒரு பற்றரியில் மாத்திரம் மாட்டியிருந்தார். அது நாளடைவில் வற்றிப்போக, மின்னேற்றும்போது மற்றையது அளவுமிஞ்சிக் கொதித்தது. இரட்டை மாடுகளில் ஒன்றைப் பட்டினி போட்டால் வண்டி மலையேறுமா?

கல்லை அகற்றி, பின்கியரில் லொறியைச் சிறிது உருளவிட்டார். நால்வரும் பனிக்குள் நின்று குரலால் வழிகாட்டினர். எஞ்சின் உறுமிற்று; எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் நுவரெலியாவில், இரண்டின் 24 வோல்ற்றையும் சேர்த்து வாங்கி 12 ஆகக் குறைத்துத் தரும் சிறு கருவியொன்றைப் பூட்டினார். பற்றரிகள் இரண்டையுமே மாற்றவேண்டியதாயிற்று.