வலியில்லாத குருதி

பிள்ளை அழவில்லையெனின் நோய் கடுமையானதன்று எனக் கொள்வது எம்மிடையே வேரூன்றிய வழக்கம். இரண்டு வயதுக் குழந்தை வயிற்றுவலி எதுவுமின்றிச் செங்கற் சிவப்பாக மலத்தோடு குருதி கழிக்கும்போது, சூடு என்று தலையில் எண்ணெய் வைப்போரும், கண்ணூறு என்று பார்வை பார்ப்போரும் இன்றும் உளர்.

எமது பாடசாலை மாணவி ஒருத்தியின் தம்பிக்கு நேர்ந்ததும் இதுவே. இரண்டு நாள் வீணே கழிந்தது. வாடகை வாகனத்துக்குக் கூலி தேடுவதில் மேலும் அரைநாள். உள்ளங்கை வெளுத்து, கண் சொருகிய நிலையிலேயே பிள்ளை வைத்தியசாலையை அடைந்தான். தாய் எதையோ தின்னக் கொடுத்துவிட்டாள் என்று அயலார் பழித்தனர்.

தாய்க்கு இதில் எள்ளளவும் பங்கில்லை. முளையத்தின் குடலையும் கருவூண்பையையும் இணைக்கும் குழாயொன்று உண்டு. சூல்வித்தகம் ஊட்டும் பணியை ஏற்றபின், ஏறத்தாழ 7ஆம் வாரத்தில் அது மறைந்துவிட வேண்டும். மறையாது எஞ்சினால், சிறுகுடலின் கடைப்பகுதியில் விரல் போன்ற பையொன்று நிலைத்துவிடுகிறது. நூற்றுக்கு இருவரளவில் இதனைச் சுமக்கின்றனர்; பெரும்பாலோர் அறியாமலே முதுமையெய்தி மறைகின்றனர். இதன் தோற்றத்தை 1809இல் விளக்கியவர் ஜெர்மனியின் ஹால்லே நகர உடற்கூற்றியலாளர் மெக்கல். பையும் அவர் பெயரையே பெற்றது.

குருதி எங்ஙனம் வருகிறது? சிலரது பையின் உட்சுவரில் இரைப்பையின் இழையம் இடந்தவறிக் குடியிருக்கிறது. இருந்த இடம் மாறினும் தொழிலை அது மறப்பதில்லை; அமிலத்தைச் சுரக்கிறது. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை முன்சிறுகுடலில் கணையநீர் தணிக்கும். இங்கோ தணிப்பார் இல்லை. அருகிலுள்ள மென்மையான குடற்சுவர் அரிக்கப்பட்டுப் புண்ணாகிறது. புண் குருதிக்கலனைத் தொட்டதும் பெருக்கெடுக்கிறது. பை உட்புறமாகத் திரும்பிக் குடலையும் இழுத்து மடிவதாலும் குருதி வரலாம். அப்பொழுது வலி கடுமையாக இருக்கும்.

சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்தில் இப்பை தென்படுவதரிது. தெக்னீசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளை நாளத்திற் செலுத்தினால், இரைப்பை இழையம் அதனைக் கவர்ந்து, தனியொரு கருவிக்கு இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அக்கருவியோ எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. கருவி ஒன்றும் காட்டாதபோதும் பை இருக்கக்கூடும். வைத்தியர்கள் வயிற்றைத் திறந்தே துணிகின்றனர்.

எமது மாணவியின் தம்பிக்கு முதலிற் குருதியேற்றினர். மறுநாள் சத்திரசிகிச்சையில் பையை அகற்றினர். பிழைத்தான். இலவச வைத்தியத்துக்கும் அக்குடிசைக்கும் இடையே கிடந்த பாதையில் இன்றும் மாலை ஐந்து மணிக்குப்பின் பேருந்து இல்லை.