மல்லிகை தெரியுது, ஆயா எங்கே?

போன சித்திரையில் மாமா பையன் தன்னுடைய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை என் தலையில் கட்டினான். கூடவே ஒரு 50 மிமீ லென்ஸ். அதன் துளையை எஃப்/1.8 வரை திறக்கலாம். திறந்தால் பின்னணி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிவிடும். அது போதாதா? மறுநாளே நான் போட்டோகிராபர்! (சிரிக்காதீங்க மக்களே, நீங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பீங்க.)

எங்கள் ஊர் சங்கராபுரம். வீட்டில் ஆயா பூ கட்டும். விடிவதற்கு முன் பறித்த மல்லிகை மொட்டு காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடும். மொட்டு விரியும் முன் கட்டிக் கொடுத்தால்தான் காசு. அப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோது அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து எஃப்/1.8-ல் எடுத்தேன். விரல் நுனியில் ஒரே ஒரு மொட்டு, பளிச்சென்று. மற்றதெல்லாம் புகை. கிளாஸில் எல்லாரும் "செமடா" என்றார்கள்.

பெருமையாக ஆயாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தது.

"பூ நல்லாருக்குது. நான் எங்கடா?"

பின்னால் ஒரு பழுப்பு நிறத் தீற்றல் இருந்ததே, அதுதான் ஆயா. என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குத்தான் லென்ஸைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதலில் அந்தக் குழப்பமான எண். லென்ஸின் குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மிமீ. 8-ஆல் வகுத்தால் 6 மிமீ சொச்சம். எண் பெரிதானால் துளை சிறிது. துளை சிறிதானால் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும். என் கேமராவில் அரை மீட்டர் தள்ளி நின்று எஃப்/1.8 வைத்தால் அந்த ஆழம் ஆறேழு மில்லிமீட்டர்தான். ஒரு மொட்டுக்கே பத்தாது, இதில் ஆயாவுக்கு எங்கே இடம்?

சரி, எஃப்/8-க்குப் போவோம் என்றால் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிவிடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்த படத்துக்கு இப்போது ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

இதைக் காட்டிக் கொடுத்தது செங்காந்தள். நம் மாநிலப் பூ. மழைக்காலத்தில் கல்வராயன் மலைக்கு வெள்ளிமலை பஸ்ஸில் போனபோது வேலியில் பூத்திருந்தது. ஆறு இதழும் பின்னால் வளைந்து நெருப்பு மாதிரி நிற்கும். ஆறு மகரந்தத் தாளும் குடைக் கம்பி போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். எஃப்/1.8-ல் ஒரு கம்பியின் முனை மட்டும் தெரிந்தது. எஃப்/11-ல் பூ முழுக்க வந்தது, ஆனால் மலைக்காற்றில் ஆடிப்போய்விட்டது. ஐஎஸ்ஓவை ஏற்றி, காற்று நிற்கும்வரை காத்திருந்து, முப்பத்து சொச்சம் படம் எடுத்ததில் இரண்டு தேறியது.

அடுத்த தலைவலி மல்லிகையின் வெள்ளை. தட்டு நிறைய மொட்டை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வந்தது. மீட்டருக்கு வெள்ளை, கருப்பு தெரியாதாம். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். அதனால் வெள்ளை நிறைந்திருந்தால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். கருகரு இலைக்கு நடுவே ஒற்றைப் பூ என்றால் நேர்மாறு. குறைக்காவிட்டால் பூ வெளுத்து, இதழே இல்லாத வெள்ளைப் பொட்டாகிவிடும்.

படித்ததில் பிடித்தவர் இமோஜென் கன்னிங்ஹாம். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே தன் தோட்டத்துப் பூக்களை எடுத்த அமெரிக்கப் பெண்மணி. 1925-ல் அவர் எடுத்த மக்னோலியா படம் இன்றும் பேசப்படுகிறது. 1932-ல் அவரும் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோரும் சேர்ந்த குழுவுக்குப் பெயரே எஃப்/64! சின்னத் துளை, எல்லாம் தெளிவாகத் தெரியணும், அதுதான் அவர்கள் கொள்கை. மங்கலாக்கினால்தான் கலை என்று நினைத்த எனக்கு நல்ல குட்டு.

இன்னொரு குட்டு வீட்டிலேயே கிடைத்தது. தெருவில் யாராவது வந்தால் ஆயா கண்ணை இடுக்கிக்கொண்டு "யார்றா அது?" என்று பார்க்கும். பூ கட்டுவதும் வாசல் வெளிச்சத்தில்தான். இடுக்கினால் கண்ணுக்குள் ஒளி நுழையும் வழி சிறுக்கிறது, வெளிச்சத்தில் பாப்பா சுருங்குகிறது, பார்வை தெளிகிறது. நான் இப்போது படித்துத் தெரிந்துகொண்ட எஃப்/8-ஐ ஆயா எத்தனை வருஷமாய்ச் செய்கிறது!

இந்தப் பங்குனியில் மறுபடி பூ வரத் தொடங்கியதும் அதே வாசலில் உட்காரச் சொன்னேன். எஃப்/8. ஆனால் இந்த முறை இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். அரை மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் கூட வராத ஆழம், இரண்டு மீட்டரில் கிட்டத்தட்ட அரை மீட்டராகிவிடுகிறது. தூரம் நான்கு மடங்கானால் ஆழம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. அதில் நாரும் மொட்டும் விரலும் முகமும் எல்லாம் அடங்கிவிட்டன. பின்னால் கொடியில் காயும் என் லுங்கியும் லேசாகத் தெரிகிறது, போகட்டும்.

ஆயாவிடம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தது.

"இப்பதான் நான் இருக்கிறேன். ஆமா, தலையில நார் ஒட்டிக்கிட்டு இருக்குதே, எடுக்கும்போது சொல்லக்கூடாதா?"

எதை மங்கலாக்குகிறோம் என்று தெரிந்து மங்கலாக்கினால் அது கலை. தெரியாமல் செய்தால், பூவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் காணாமல் போய்விடுவார். நான் கற்றது இவ்வளவுதான்.

உங்கள் படங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்களேன், பின்னால் யாராவது தொலைந்திருக்கிறார்களா என்று!