ஆட்டின் மூளையும் நம் அறிவும்

சிங்கப்பெருமாள் கோவில் குடைவரையிலே, சிங்கமுகத்துச் சிலைமுன் கைகூப்பி நின்ற கூட்டத்தைக் கண்டோம். பாதி விலங்கை வணங்குவோர், முழு விலங்கின் வலியை எண்ணினரோ?

குன்னூர் பாஸ்டர் நிலையத்திலே வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து, நோயேற்றிய ஆட்டின் மூளையிலிருந்து ஆக்கப்பட்ட காலமுண்டு. ஆடு மாண்டது, கடிபட்டவர் சிலரை அம்மருந்தே முடக்கியது. 2004-இல் இந்தியா அம்முறையைக் கைவிட்டது. உயிரணு வளர்ப்பு மருந்து வந்தது. அறிவு வளர்ந்தது, ஆடும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான்!

ஆராய்ச்சியே வேண்டாமென்போமா? மாட்டோம். வடநெம்மேலியிலே இருளர் எடுத்துத்தரும் பாம்பு நஞ்சைக் குதிரைக்கு ஏற்றித்தான் இன்றும் முறிமருந்து பிறக்கிறது. வரப்பிலே கடிபட்ட உழவனைச் சாகவிட ஒப்பமாட்டோம். மாற்றுவழி கிடைத்தபின்னும் வதைப்பதோ ஆராய்ச்சியன்று, வெறும் பழக்கம். பலிபீடத்தின் முன் கேட்ட கேள்வியை ஆய்வுக்கூடத்தின் வாயிலிலும் கேட்போம், தோழர்களே!