இடிந்த சுவரும் இடியாத முகாமும்

தனுஷ்கோடிக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். கூரை போன மாதாகோயில், பவளக்கல் சுவர், பின்னால் கடல். படத்தில் மனுசர் ஒருத்தரும் இல்லை.

அந்த மணல்திட்டில் ஊர் பெருத்தது ரயிலால். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் சீட்டு வாங்கியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். போட் மெயில் என்று பேர். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் எழும்பின. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியை அலை அப்படியே விழுங்கியது. வண்டியில் இருந்தவர்களில் மட்டும் நூற்றுக்கு மேல் செத்தார்கள். குடியிருக்க லாயக்கற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை.

எனக்குப் பிரம்மதேசம், மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கம். பேரைக் கேட்டாலே யாருக்குக் கொடுத்த ஊர் என்று தெரிந்துவிடும். சோழர் காலத்துக் கல்கோயில் இன்னும் நிற்கிறது. எங்க தெருவில் அத்தனை வயசான சுவர் ஒண்ணும் கிடையாது. மண்சுவர் ஒரு மழைக்கு நிற்கும், அடுத்த மழைக்குப் படுத்துக்கும். அதனால் பழைய கட்டிடம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், கல் சுமந்தது யார், உள்ளே விட்டது யாரை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

தனுஷ்கோடி என்ற பேரை எங்க ஆயா சொல்லி நான் கேட்டதில்லை. அவள் வாயில் வந்தது மண்டபம்தான். "கண்டிச் சீமைக்குப் போறவங்க திண்டிவனத்துல ரயிலேறுவாங்கடா. மண்டபத்துல எறக்கி, துணிய உருவி, மருந்துத் தண்ணியில முக்கி எடுத்துட்டுத்தான் கப்பல்ல விடுவான்" என்பாள். அவளுடைய சித்தப்பன் அப்படிப் போனவர். திரும்பவில்லை.

மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். கங்காணி சேர்த்துக் கொண்டுவந்த கூலிகளை நோய்த்தடுப்பு என்று சொல்லி நாள்கணக்கில் அடைத்து வைத்த இடம். தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். மேல் வகுப்பில் போன கனவான்களுக்கு இந்த அடைப்பு இல்லை. தேயிலைக்கும் ரப்பருக்கும் போனவர்களில் பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் தொட்டால் தீட்டு, மண்டபத்தில் தொட்டால் நோய். வார்த்தைதான் மாறியது.

1939இல் கூலிகள் போவதை இந்திய அரசு தடுத்தது. 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்து காய்ந்து இரண்டு மாசம் ஆவதற்குள் தனுஷ்கோடி போய்விட்டது. அதனால் திரும்பி வந்தவர்களைக் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. அங்கேயிருந்து அதே மண்டபம். 1983க்குப் பிறகு வந்த அகதிகளுக்கும் மண்டபம்தான். 1984இல் கப்பல் நின்றது, முகாம் நிற்கவில்லை. 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றினார்கள். 2022இல் இலங்கையில் பஞ்சம் வந்தபோது தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கிய குடும்பங்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

ஆக, ரயில் உண்டாக்கிய கட்டிடங்களில் எல்லாரும் பார்க்கப் போவது செத்துப்போனதை. இன்னும் உசுரோடு ஆள் இருக்கிற இடத்தைப் பார்க்க யாரும் வண்டி பிடிப்பதில்லை. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. வருகிறவர்கள் போகிற வழியில்தான் மண்டபம் இருக்கிறது.

உப்புக்காற்றில் சுவர் என்ன ஆகும் என்று உப்பளத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். முதலில் வெள்ளை பூக்கும், அப்புறம் பொரியும், அப்புறம் மாவு மாதிரி உதிரும். மாதாகோயில் சுவரைக் காப்பாற்றட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே வைக்கிற பலகையில் புயலை மட்டும் எழுதினால் போதாது. இந்த வழியாகத்தான் கழுத்தில் தகரம் கட்டி நம்ம சனத்தை அனுப்பினார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். கடல் கொண்டது ஒரு ராத்திரியில். மனுசர் செய்தது இத்தனை வருசமாக நடக்கிறது.