கமிஷன் லிங்குகளுக்கு ஒரு பேரேடு

சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள்: பழைய கட்டுரைகளில் இருந்த கடை லிங்குகள் பல திடீரென்று காணாமல் போய்விட்டனவே, ஏன் என்று. நான்தான் எடுத்தேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதும்போது அதை விற்கும் ஆன்லைன் கடையின் முகவரியையும் கொடுப்பேன். அந்த முகவரியின் வாலில் கடை எனக்கென்று கொடுத்த குறியீடு ஒன்று ஒட்டியிருக்கும். நீங்கள் அதைத் தட்டிப் போய் வாங்கினால் உங்களுக்கு விலை கூடாது; கடை தன் பங்கிலிருந்து எனக்குச் சிறு கமிஷன் தரும். அஃபிலியேட் லிங்க் என்று பெயர். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

வைத்தது வைத்தபடி இருந்தால் தொல்லையே இல்லை. ஆனால் கடைகள் மூடுகின்றன, சரக்கு தீர்கிறது. இங்கிலாந்தின் புக் டெபாசிட்டரி உலகம் முழுக்கத் தபால் செலவில்லாமல் புத்தகம் அனுப்பிய கடை. 2011-ல் அமேசான் அதை வாங்கியது, 2023 ஏப்ரல் 26-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதை நம்பி எத்தனையோ பேர் வைத்திருந்த லிங்குகள் அத்தனையும் வீண்.

என் பொறுப்பில் மூன்று தளங்கள்: இது ஒன்று, புத்தக அறிமுகத்துக்கு ஒன்று, வீட்டம்மாவின் சமையல் ஒன்று. மூன்றிலும் சேர்த்து 212 லிங்க். போன மாதம் எக்ஸலில் ஒரு பேரேடு போட்டேன். எந்தக் கட்டுரை, என்ன பொருள், எந்தக் கடை, கடைசியாகப் பார்த்த தேதி, கண்டது என்ன, செய்தது என்ன. கணக்குப் பிரிவில் 31 வருஷம் இருந்தவனுக்கு இதில் ஒரு சுகம் உண்டு, மறைப்பானேன்.

அடியோடு செத்துப்போன லிங்க் சுலபம். 404 என்று நிற்கும். இதற்கென்று உள்ள இலவச மென்பொருள் தானே பிடித்துக் கொடுத்துவிடும். பக்கம் திறந்து "இருப்பில் இல்லை" என்று சொன்னால் மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குப் பக்கம் திறந்தால் போதும், சரி என்று குறித்துவிடும். இவற்றைவிட மோசமான ரகம் ஒன்று இருக்கிறது. முகவரி அதே, பக்கம் அதே, உள்ளே சரக்கு வேறு.

சில வருஷங்களுக்கு முன் வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது பற்றி எழுதியிருந்தேன். மேல்கையில் பட்டை சுற்றும் கருவிதான் நல்லது, மணிக்கட்டில் கட்டுவதில் கையை இதய மட்டத்தில் வைக்காவிட்டால் அளவு மாறும் என்று வற்புறுத்தியிருந்தேன். இப்போது அந்த லிங்கைத் தட்டினால் மணிக்கட்டுக் கருவி வருகிறது! இங்கே படிப்பவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். "சார் சொல்லியிருக்கார்" என்று மேற்கொண்டு பார்க்காமல் வாங்கக்கூடியவர்கள். அதில் வரும் எண்ணை வைத்து மாத்திரையைத் தாங்களே கூட்டிக் குறைப்பவர்களையும் எனக்குத் தெரியும். அன்றைக்கே அதை எடுத்தேன். உடம்பு சம்பந்தப்பட்ட எந்தப் பொருளுக்கும் இனி கமிஷன் லிங்க் கிடையாது. எப்படிப்பட்ட கருவி என்று மட்டும் எழுதுவேன். வாங்கியதும் டாக்டரிடம் எடுத்துப் போய் அவர் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸில் ப்ரெட்டி லிங்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது. லிங்கை ஒரே இடத்தில் மாற்றினால் அது வரும் கட்டுரைகள் எல்லாவற்றிலும் மாறிவிடும். புத்தகத் தளத்தில் போட்டிருக்கிறேன், கைவேலை குறைந்தது. ஆனால் கடைக்குள் போய்ப் பார்க்கிற வேலையை அது செய்யாது. கமிஷன் லிங்குக்கு "ஸ்பான்சர்ட்" என்று குறி போடச் சொல்லி கூகுள் 2019-ல் கொண்டுவந்த முறையையும் இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துவிட்டேன். அது தேடுபொறிக்கு. உங்களுக்காகக் கட்டுரையின் தலைப்பிலேயே "இதில் கமிஷன் லிங்க் உண்டு" என்று தமிழில் ஒரு வரி இருக்கும்.

சமையல் தளத்தில் பித்தளைத் தேன்குழல் அச்சுக்கு மூன்று லிங்க் இருந்தன. மூன்றும் இப்போது அலுமினியத்தைக் காட்டுகின்றன. வீட்டம்மா எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, "கும்பகோணம் போனால் பாத்திரக்கடையில் கையில் வாங்கித் திருகிப் பார்த்து வாங்கவும்" என்று போடச் சொன்னாள். போட்டாயிற்று.

போன வருஷம் மொத்தக் கமிஷன் 1,860 ரூபாய். இன்னும் 43 லிங்குகள் பார்க்கப் பாக்கி, பெரும்பாலும் 2017-க்கு முந்தைய கட்டுரைகள். அவற்றில் எதையாவது தட்டி வேறு சாமான் வந்தால் வாங்காதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.