தலைக்குப் பின்னால் ஒரு விளக்கு

கீழ்க்கண்ட மாதிரி ஒரு விளம்பரம் வந்தால் அப்ளை செய்வீர்களா, சொல்லுங்கள்.

'ஆள் தேவை. 6 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒரு வலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஐஸ் மேல் நிற்க வேண்டும். எதிரிலிருந்து ஒரு ரப்பர் வில்லையை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். தடுத்தால் அது உங்கள் கடமை. விட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பல்லாயிரம் பேர் கத்துவார்கள். முன் அனுபவம் அவசியம். முன்பற்கள் அவசியமில்லை.'

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் உத்தியோகம் இதுதான். அந்த விளக்கைப் பற்றிப் புலம்பியவர் ஜாக் பிளான்ட் என்ற கனடாக்காரர். தப்பு பண்ணும்போதெல்லாம் விளக்கெரிந்து ஊரே கூச்சல் போடுகிற வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டாராம். விளக்கு மட்டும்தான் வித்தியாசம், மற்றபடி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது புரியும்.

எனக்கு எப்படி இந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டது என்கிறீர்களா? நான் பி.காம். எழுத்துத் தொழிலுக்கு வருமுன் சென்னையில் ராத்திரி ஷிஃப்டில் ஒரு கனடா கம்பெனியின் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். திங்கள்கிழமை தோறும் அந்தப் பக்கத்து மானேஜரோடு போன் மீட்டிங். மனிதர் முதல் ஐந்து நிமிஷம் ஹாக்கிதான் பேசுவார். அதில் தலையாட்டினால் அடுத்த பத்து நிமிஷம் திட்டு கம்மி. போனில் தலையாட்ட முடியாதே... அதனால் படித்தேன். படிக்கப் படிக்க கோல் அடிக்கிறவர்களை விட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் மேல்தான் மனசு போயிற்று. (அவர்களை அங்கே 'கோலி' என்கிறார்கள். கோலி குண்டும் அல்ல, விராட்டும் அல்ல.)

வில்லையின் பெயர் பக். 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம். எடை கிட்டத்தட்ட நம் கிரிக்கெட் பந்துதான். துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுக்கிறார்கள். 2012-ல் ஒரு போட்டியில் ஸ்டெனோ சாரா என்ற 6 அடி 9 அங்குல ஆசாமி அடித்த அடி மணிக்கு 175 கிலோமீட்டர். அந்த உறைந்த ரப்பரை, 1959 வரைக்கும் கோலிகள் வெறும் மூஞ்சியை வைத்துக்கொண்டு எதிர்கொண்டார்கள்!

1930-லேயே கிளின்ட் பெனடிக்ட் என்பவர் மூக்கு உடைந்து தோல் முகமூடி போட்டுப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று கழற்றிவிட்டார். அதற்கப்புறம் முப்பது வருஷம் யாரும் முறையாக முயலவில்லை. காரணம் அறிவியல் அல்ல. முகமூடி போட்டால் பயந்தாங்கொள்ளி என்று கோச் நினைத்துவிடுவார். வேலை போய்விடும். டெர்ரி சாச்சுக் என்ற மகா கோலியின் முகத்தில் 400-க்கும் மேல் தையல்கள் என்று கணக்கு. 1966-ல் 'லைஃப்' பத்திரிகை அவர் வாங்கிய தையல்களையெல்லாம் மேக்கப்பில் வரைந்து போட்டோ போட்டது. பார்த்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது.

1959 நவம்பர் 1. நியூயார்க், மாடிஸன் ஸ்கொயர் கார்டன். மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் கோலி நம்ம பிளான்ட். ஆண்டி பாத்கேட் அடித்த பக் நேராக முகத்தில். ரத்தம் ஆறாக ஓட, உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். பயிற்சியில் மட்டும் போட்டுப் பழகிய ஃபைபர் கிளாஸ் முகமூடி ஒன்று அவரிடம் இருந்தது. "இது இருந்தால்தான் வருவேன்" என்றார். கோச் டோ பிளேக்குக்கு முகமூடி என்றாலே ஆகாது. ஆனால் வேறு கோலி கிடையாது, என்ன செய்வார்? வேண்டா வெறுப்பாகச் சரி என்றார். 3-1 என்று ஜெயித்தார்கள். அதற்கப்புறமும் தோற்காமல் போய்க்கொண்டே இருந்ததால் கழற்றச் சொல்ல கோச்சுக்கு வாய் வரவில்லை. அந்த சீசன் ஸ்டான்லி கோப்பையும் அவர்களுக்கே, தொடர்ந்து ஐந்தாவது தடவையாக. இந்த பிளான்ட் ஓய்வு நேரத்தில் கம்பளி நூலில் தனக்குத் தானே குல்லா பின்னிக்கொள்வார் என்பது உபரித் தகவல்.

முகமூடி வந்ததும் குறும்பும் வந்தது. பாஸ்டன் அணியின் ஜெர்ரி சீவர்ஸுக்குப் பயிற்சி என்றாலே வேப்பங்காய். ஒருநாள் பக் முகமூடியை லேசாகத் தொட்டதும், பெரிய அடிபட்ட மாதிரி டிரஸ்ஸிங் ரூமுக்குப் போய்விட்டார். கோச் விடவில்லை. பின்னாலேயே வந்து, திரும்பக் கிளம்பு என்றுவிட்டார். அப்போது டிரெய்னர் ஒரு மார்க்கரை எடுத்து, பக் பட்ட இடத்தில் தையல் மாதிரிக் கோடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு தையல். முகமூடி இல்லாவிட்டால் என் முகம் எப்படி இருந்திருக்கும் பார் என்று ஊருக்கே காட்டியது அது. ஆபீஸில் ஓபி அடிக்கப் போய் இத்தனை அழகான விஷயம் பிறந்ததாக வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாட்ரிக் ராய் கோல் கம்பங்களோடு பேசுவார். பக் கம்பத்தில் பட்டுத் திரும்பினால் கம்பத்துக்கு நன்றி சொல்வார். 1995 டிசம்பர் 2-ம் தேதி மான்ட்ரியாலில் அவருக்கு 9 கோல் விழுந்தது. கோச் ரொம்ப நேரம் அவரை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தவர், நேராக கிளப் தலைவரிடம் போய், இதுதான் இங்கே என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நாலே நாளில் கொலராடோவுக்கு மாற்றம். அடுத்த ஜூனில் அங்கே கோப்பை! ராஜினாமாக் கடிதம் பாக்கெட்டிலேயே வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பாராவை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ராய் மாதிரி ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு சின்ன நிபந்தனை.

எல்லோரிலும் என்னைத் தொல்லைப்படுத்தியவர் க்ளென் ஹால்.

1955-ல் ஆரம்பித்து 1962 வரை, டெட்ராய்ட்டுக்கும் பிறகு சிகாகோவுக்கும், விடாமல் 502 ஆட்டம் முழுசாக நின்றார். முகமூடி கிடையாது. ஒரு நாள் லீவு கிடையாது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுப்பார். ஏதோ ஒரு நாள் இல்லை, வழக்கமாகவே. எடுத்துவிட்டு வந்து நிற்பார். அற்புதமாகத் தடுப்பார்.

எங்கள் டீம் லீடர் ஞாபகம் வந்துவிட்டது. பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயசு. மூணு வருஷமாக லீவே போட்டதில்லை. டிராயரில் ஜெலுசில் பாட்டில். திங்கள் மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து பாத்ரூம் பக்கம் போவார். முகம் கழுவிக்கொண்டு, கண் சிவந்து திரும்புவார். எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. எங்களுக்கு டார்கெட் 98.5 சதவீதம். நூறு பக் வந்தால் 92-ஐத் தடுக்கும் டொமினிக் ஹாசெக் ஹாக்கி உலகில் தெய்வம். எங்கள் ஆபீஸில் அவருக்கு வார்னிங் மெமோ கிடைத்திருக்கும்.

ராத்திரி இரண்டு மணி டீயில் க்ளென் ஹால் கதையைப் பொதுவாகச் சொல்கிற மாதிரி சொல்லி வைத்தேன். டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"502-க்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு சார். 503-வது மேட்ச்ல முதல் பாகத்திலேயே வெளியே வந்துட்டார்."

"அந்த மேட்ச்?"

"வேற ஆள் நின்னான்."

"டீம்?"

"இருக்கு சார். இப்பவும் ஆடுது."

ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார். இரண்டு வாரம் கழித்து நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எண்டோஸ்கோப்பிக்குப் போனார். அல்சர். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டாராம். அந்தத் திங்கள்கிழமை நான் போனை எடுத்தேன். கனடாக்காரர், "இன்றைக்கு வலையில் யார்?" என்றார். "நான்தான்" என்றேன்.

பழைய நாளில் அப்படி மாற்று ஆளே கிடையாது. ஒரு அணிக்கு ஒரு கோலி. ஜார்ஜ் வெஸினா என்பவர் 1910 முதல் 1925 வரை ஒரு ஆட்டமும் தவறவிடாமல் ஆடினார். கடைசியாக நின்றது கடும் காய்ச்சலோடு. காசநோய். நாலு மாசத்தில் போய்விட்டார். இன்றும் வருஷத்தின் சிறந்த கோலிக்கு அவர் பெயரில்தான் பரிசு.

1928 ஏப்ரலில் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டித் தொடரில் நியூயார்க் கோலிக்குக் கண்ணில் அடி. வெளி ஆளைப் போட எதிரணி சம்மதிக்கவில்லை. கோச் லெஸ்டர் பாட்ரிக்குக்கு 44 வயசு, நரைத்த தலை. 'சரி விடுங்கடா' என்று தானே கவசங்களை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒரே ஒரு கோல்தான் விட்டார். கூடுதல் நேரத்தில் 2-1 என்று வெற்றி. அந்த வருஷக் கோப்பையும் அவர்களுக்கே.

1960-களின் நடுவில்தான் இரண்டு கோலிகள் கட்டாயம் என்றானது. அந்த இரண்டு பேருக்கும் அடிபட்டால்? அதற்காக மைதானத்தில் ஊர்க்காரர் ஒருவரை உட்கார வைத்தார்கள். எந்த அணிக்கு வேண்டுமானாலும் இறங்குவார். இறங்க வாய்ப்பே வராது. இலவசமாக மேட்ச் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். 2020 பிப்ரவரி 22-ம் தேதி டொரன்டோவில் வாய்ப்பு வந்தேவிட்டது. கரோலினா அணியின் இருவருக்கும் அடி. இறங்கியவர் டேவிட் ஏர்ஸ். வயசு 42. ஐஸ் தளத்தைச் சீராக்கும் ஜம்போனி வண்டி ஓட்டியவர். 2004-ல் அம்மாவின் கிட்னியை வாங்கிப் பிழைத்தவர். முதல் இரண்டு பக்கும் உள்ளே! அப்புறம் வந்த எட்டையும் தடுத்தார். 6-3 என்று கரோலினா ஜெயித்தது.

ஆனால் என் ஓட்டு ஸ்காட் ஃபாஸ்டருக்குத்தான். 2018 மார்ச் 29, சிகாகோ. ஒரு கோலிக்கு ஆட்டத்துக்கு முன்பே காயம். இன்னொரு பையனுக்குக் கடைசிப் பாகத்தில் சுளுக்கு. 36 வயசு ஃபாஸ்டர் இறங்கி, மீதி 14 நிமிஷம் நின்றார். ஏழு ஷாட் வந்தது. ஏழையும் தடுத்தார். அரங்கம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவருடைய நிஜ உத்தியோகம்? அக்கவுண்டன்ட்!

அடுத்த மீட்டிங்கில் கனடாக்காரருக்குச் சொல்லி மாளவில்லை. போன் வைத்ததும் டீம் முழுக்க அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். டீம் லீடர் மட்டும் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்ச் 29-ஆ? இயர் எண்டிங்ல அந்த ஆளை எப்படிய்யா சாயங்காலம் வெளியே விட்டாங்க?"