ஐந்து கட்டையில் ஓர் இரைச்சல்

என் வீட்டு ஸ்பீக்கரில் வந்த இரைச்சல் ஏறத்தாழ ஐந்து கட்டை சுருதியில் இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அது ஒலிக்குள் புகுந்துவிட்டால் 50 மட்டும் கேட்பதில்லை. 100, 150, 200 என்று தன் மடங்குகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும். 100-ஐ ஸட்ஜமாக வைத்தால் 150 பஞ்சமம், 200 மேல் ஸட்ஜம். ஐந்து கட்டையின் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஆகவே கரண்டு பாடுகிற சுருதி அதைவிட ஓர் இழை தூக்கல். ஐந்து கட்டையில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரிப் பதிவை ராத்திரியில் சன்னமாக வைத்துக் கேட்டால், ஆலாபனையில் அவர் மூச்சு வாங்கும் இடங்களில் தம்புராவும் இரைச்சலும் ஒன்றோடொன்று உரசி, விநாடிக்கு நாலு தடவை துடிக்கும். தம்புராவைச் சரியாகச் சேர்க்காமல் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அந்த முகம் தெரியாத கலைஞரை மனத்துக்குள் வைதபடி பாட்டை நிறுத்தினேன். தம்புரா நின்றது. இன்னொன்று நிற்கவில்லை.

மயிலாடுதுறையில் எங்கள் வீடு அப்பா காலத்தது. கொல்லைப்புறத்தில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி ஒன்று இருக்கிறது. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை, இப்போது என் வேலை. ஹாலில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர். அதிலிருந்து யூஎஸ்பி வயரில் ஒரு டேக். எண்களாக இருக்கும் பாட்டை ஒலியலையாக மாற்றித் தருகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி அது. அங்கிருந்து ஆர்சிஏ வயரில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஆம்ப் உள்ளேயே அடங்கியவை. கம்ப்யூட்டருக்கு மூணு பின் பிளக், ஸ்பீக்கருக்கும் மூணு பின் பிளக். இந்தக் கடைசி விவரம்தான் கதையே என்பது அப்போது எனக்குப் படவில்லை.

இரைச்சலில் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று நான் சொன்ன அந்த ரீங்காரம். இன்னொன்று விசித்திரமானது: மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ‘ஜிர்ர்’ என்று கேட்கும். நகர்த்துவதை நிறுத்தினால் நின்றுவிடும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் அதற்குத் தனியாக ஒரு கீச்சு. கம்ப்யூட்டர் என்ன யோசிக்கிறது என்பதை ஸ்பீக்கர் எனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பீக்கர் அருகே குனிந்து கேட்டார், டெஸ்டரை அங்கங்கே வைத்துப் பார்த்தார், முடிவு சொல்லிவிட்டார்.

“எர்த் லூப் சார். ஸ்பீக்கர் பிளக்ல எர்த்தை மட்டும் கழட்டி விட்டுடறேன். சத்தம் போயிடும்.”

“ஷாக் அடிச்சா?”

“எங்க சார் அடிக்கப் போகுது? பாதி வீட்ல எர்த்தே கிடையாது.”

நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். மருந்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. எர்த் வயரைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும் என்பது உண்மை. உள்ளே ஒரு வயர் பழுதாகி உலோக உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்டு போக வழி இல்லாமல் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும் என்பதும் உண்மை. பாட்டுக் கேட்க அவ்வளவு பெரிய விலை எதற்கு? இரண்டு பிளக்கையும் ஒரே போர்டில் போடுங்கள் என்றேன். போட்டார். ரீங்காரம் நன்றாகவே இறங்கியது. மவுஸ் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அதைப் பிடித்துக் கொடுத்தது மகளின் லேப்டாப். டேக்கின் யூஎஸ்பியை அதில் செருகினேன். சார்ஜர் போட்டிருந்ததால் அதே மாதிரிக் கீச்சு. சார்ஜரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் சுத்தமாக வாயை மூடிக்கொண்டது. மறுபடி செருகினால் கீச்சு, பிடுங்கினால் மௌனம். அதே டேக், அதே வயர், அதே பாட்டு. மாறியது ஒன்றுதான்: லேப்டாப் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா, இல்லையா.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலரும், ஏன் நானும்கூட, டிஜிட்டல் வயரில் சத்தம் புகுந்தால் பாட்டின் எண்கள் கெடுகின்றன என்று எண்ணிக்கொள்கிறோம். எண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒன்று ஒன்றாகவும் பூஜ்யம் பூஜ்யமாகவும் பத்திரமாகத்தான் டேக்குக்குப் போய்ச் சேருகின்றன. ஆனால் யூஎஸ்பி வயரில் எண்கள் போகிற கம்பிகளோடு தரைக்கம்பி ஒன்றும் ஓடுகிறது. கம்ப்யூட்டரின் உடம்பு, யூஎஸ்பியின் தரைக்கம்பி, டேக்கின் உடம்பு, ஆர்சிஏ வயரின் மேலுறைக் கவசம், ஸ்பீக்கரின் எர்த், சுவருக்குள் ஓடும் எர்த் வயர், திரும்பக் கம்ப்யூட்டர். ஒரு வட்டம் முழுமையாகிவிட்டது. வட்டம் இருந்தால் கரண்டு சுற்றும். வீட்டில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த்தில் கசியவிடுவதும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளை உமிழ்வதும் இந்த வட்டத்தில் ஏறி உலாப் போகும்.

எவ்வளவு சிறியது போதும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்சிஏ கவசத்தின் தடை 0.1 ஓம் என்று வையுங்கள். அதில் 10 மில்லி ஆம்பியர் சுற்றினால் 1 மில்லி வோல்ட். டேக் உச்சத்தில் தருவது சுமார் 2 வோல்ட். அதோடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, பொருட்படுத்தத் தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் ஆம்ப் அதை 20 மடங்காக்கிவிடும். 2.83 வோல்ட்டுக்கு 88 டெசிபல் ஒலி தரும் சாதாரண ஸ்பீக்கரில் 20 மில்லி வோல்ட் ஏறினால் ஒரு மீட்டர் தூரத்தில் 45 டெசிபல் அளவுக்கு வரும். ஊர் அடங்கிய ராத்திரியில் அது நன்றாகவே காதில் விழும். ஆக, குற்றம் நடக்கிற இடம் அனலாக் வயர். அதற்கு வழி திறந்துவிட்டது டிஜிட்டல் வயர்.

அப்படியானால் வெட்ட வேண்டியது டிஜிட்டல் பக்கத்தில் இருக்கும் செம்பை. எண்கள் போகட்டும், தரைக்கம்பி போகக் கூடாது. இதற்கான ஏற்பாடு என் கம்ப்யூட்டரின் முதுகிலேயே வாங்கிய நாளிலிருந்து இருந்தது. மதர்போர்டின் பின்பக்கம், கறுப்பு மூடி போட்ட சதுரமான சின்னத் துளை. மூடியைப் பிடுங்கினால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம்.

அதற்கு டாஸ்லிங்க் என்று பெயர். தோஷிபா நிறுவனம் தன் சிடி பிளேயர்களை ஆம்ப்களோடு இணைக்க 1983-இல் கொண்டுவந்தது. சிடியே அதற்கு முந்தைய ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்தது. உள்ளே இருப்பது பெரிய விஞ்ஞானக் கண்ணாடி இல்லை, ஒரு மில்லி மீட்டர் தடிமனான பிளாஸ்டிக் இழை. ஒரு முனையில் 650 நானோ மீட்டர் சிவப்பு எல்இடி கண் சிமிட்டும். மறுமுனையில் ஒரு உணரி அந்தச் சிமிட்டலை மறுபடி மின்துடிப்பாக்கும். சிடியின் பாட்டுக்கு விநாடிக்கு சுமார் 28 லட்சம் பிட். ஐந்து மீட்டருக்குள் இருந்தால் கவலையே இல்லை. அதற்கு மேல் பிளாஸ்டிக் வெளிச்சத்தைத் தின்ன ஆரம்பிக்கும். 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ் வரை எனக்குத் தடங்கல் வந்ததில்லை. 192-இல் சில கருவிகள் திக்கும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு வயர் வாங்கினேன். இரண்டு முனையிலும் கண்ணாடி போன்ற குட்டிக் குல்லா மாட்டியிருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பிளக்கின் ஒரு பக்கம் மட்டும் மூலைகள் மழுங்கியிருக்கும். அந்தப் பக்கம் பார்த்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு மவுஸை நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. பக்கத்தை உருட்டினேன். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் பாட்டும் இல்லை. டேக் அதுவரை யூஎஸ்பியிலிருந்துதான் பவர் எடுத்துக்கொண்டிருந்தது.

கைக்குக் கிடைத்த பழைய போன் சார்ஜரை டேக்கின் யூஎஸ்பி துளையில் சொருகினேன். பாட்டு வந்தது. மவுஸ் சத்தம் வரவில்லை. ஆனால் ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் புதிதாக ஒரு மெல்லிய ‘ர்ர்ர்’. ரெண்டு பின் சார்ஜரில் போட்டிருக்கும்போது போனின் உலோக விளிம்பைத் தடவினால் விரலில் சுருசுருவென்று ஏறுமே, அதே ஆசாமிதான். அந்தச் சார்ஜர்களுக்குள் மின்சாரப் பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைத்து ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சூண்டு கசிவு. ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த்தைத் தேடி என் ஆர்சிஏ கவசத்தில் ஏறும். சார்ஜரை எடுத்துவிட்டு ஒரு பவர்பேங்கை மாட்டினேன். ‘ர்ர்ர்’ போய்விட்டது. பிறகு டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய பாணி 5 வோல்ட் அடாப்டர் ஒன்று செய்து வாங்கி வைத்தேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

ஒளி வயரைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்வது இந்த அடாப்டர் சங்கதிதான். ஒளி ஒரு வாசலை அடைக்கும். பக்கத்து வாசலை நாமே திறந்து வைத்தால் அது என்ன செய்யும்? இன்னொன்று, டேக்கிலும் ஸ்பீக்கரிலும் எக்ஸ்எல்ஆர் துளை இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லாமல் போகலாம். அந்த பேலன்ஸ்டு வயர் இதற்கென்றே பிறந்தது. என்னுடையதில் இல்லை.

டிவியில் கதை வேறு. தெருவிலிருந்து வரும் கேபிள் வயரின் கவசம் கம்பத்துக்குக் கம்பம் தாவி, எங்கோ வேறு ஒரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அதற்கும் என் கொல்லைப்புற எர்த்துக்கும் சம்பந்தமில்லை. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் இழுத்தபோது ரீங்காரம் ஆளை எழுப்பியது. டிவியிலும் ஆப்டிகல் துளை இருந்தது. செருகியதும் இரைச்சல் மட்டுமல்ல, வசனமும் நின்றுவிட்டது. செட்டிங்ஸில் ஒலி வெளியீடு டால்பி டிஜிட்டலில் இருந்தது. என் டேக்குக்கு அந்தப் பாஷை தெரியாது. பிசிஎம் என்று மாற்றியதும் பேச ஆரம்பித்தார்கள். மறுநாள் மனைவி சொன்னாள்: “ஏங்க, ரிமோட்ல சவுண்டு குறையவே மாட்டேங்குது.” பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகல் வழியாகப் போகும் ஒலி ரிமோட்டின் சொல்லைக் கேட்காது. ஸ்பீக்கரிடம் எழுந்து போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒளிக்கு எதிராகத்தான் ஓட்டு.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரைச்சல் போய்விட்டது, பாட்டுக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எனக்குப் பாட்டைவிட இரைச்சலைத் துரத்துவதில் ருசி ஏற்பட்டிருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு கீர்த்தனையைப் போட்டால் பல்லவி முடிவதற்குள் நிறுத்திவிட்டு, நிறுத்திய இடத்தில் என்ன கேட்கிறது என்று காது கொடுப்பேன். பாடகி எனக்குத் தேவைப்பட்டது, அவர் பாடாத இடங்களுக்காக.

அந்த மும்முரத்தில்தான் ஆடியோப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் அடுத்த படியைக் காட்டினார். “வீடு வரைக்கும் இன்டர்நெட் கண்ணாடி இழையிலதான் வருது. கடைசி மூணு மீட்டர் மட்டும் எதுக்குச் செம்பு? அதையும் ஃபைபர் ஆக்குங்க, மேடையே அகலமாத் தெரியும்.” மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி வாங்கி, ரூட்டருக்கும் பாட்டு இழுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மெல்லிய ஃபைபர் ஓட்டினேன். இரண்டு கன்வெர்ட்டருக்கும் இரண்டு அடாப்டர். ஏற்கெனவே சொன்ன அந்தக் கசிவு ஜாதிதான்.

வித்தியாசம் கேட்டது என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. மகளிடம், எனக்குத் தெரியாமல் வயரை மாற்றிமாற்றிப் போடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். “இது ஃபைபர்” என்று நான் அடித்துச் சொன்னபோதெல்லாம் அவள் சிரிப்பை அடக்கிய விதத்தில் விடை இருந்தது. “அப்பா, நீங்க வயரைக் கேக்கல, என் மூஞ்சியைக் கேக்கறீங்க” என்றாள்.

காரணம் சாதாரணம். லேன் வயரின் இரண்டு முனைகளிலும் குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. 1500 வோல்ட்டைத் தாங்கும்படி பிரித்து வைக்க வேண்டும் என்பது ஈதர்நெட் விதி. கவசம் இல்லாத சாதா வயராக இருந்தால் இரண்டு பெட்டிகளின் தரையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. யூஎஸ்பியில் நான் வெட்டிய உறவு இங்கே ஆரம்பத்திலிருந்தே கிடையாது. உலோகப் பிளக் வைத்த கவச வயர் என்றால் மட்டும் சந்தேகப்படலாம். அதற்கும் சாதா வயருக்கு மாறினால் முடிந்தது. வேறு வீட்டில், வேறு கருவிகளில் வேறு மாதிரி இருக்கலாம். என் ஹாலில் அது வீண்.

கன்வெர்ட்டர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. கொல்லைக்கு அப்பால் மாட்டுக் கொட்டகையாக இருந்ததை அறையாக்கியபோது அங்கே இன்டர்நெட் கொண்டுபோக வேண்டியிருந்தது. செம்பை வெளியில் இழுத்தால், ஐப்பசி இடியில் பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலும் இரு முனைக் கருவிகளுக்கும் ஆபத்து. இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் வாங்கிக் குழாயில் புதைத்தேன். அந்த இடத்தில் ஒளியின் மேல் எனக்கு முழு மரியாதை.

ஹாலில் இப்போது ட்வீட்டர் அருகே காதை வைத்தால் மிக லேசான ‘உஸ்’ மட்டும். அது ஆம்பின் சொந்தச் சரக்கு. எந்த வயரை மாற்றினாலும் போகாது. அதையும் கேட்க ஃபேனை நிறுத்த வேண்டும். மாயவரத்துச் சித்திரையில் நான் சாதித்த மௌனத்தைக் காட்ட நண்பரை அழைத்து ஃபேனை அணைத்தேன். மூணாவது நிமிஷம் அவர், “பிரமாதம், பிரமாதம், ஃபேனைப் போடுங்க” என்றார்.